அலையும் தள்ளிவிடும் கையும்

1866-ஆம் வருஷம் கலிபோர்னியப் பத்திரிகையொன்றின் நிருபராக ஹவாய்த் தீவுகளுக்குப் பிரயாணம் செய்த மார்க் ட்வெய்ன், அங்கே சுதேச ஜனங்கள் ஆண் பெண் என்றும் சிறியவர் பெரியவர் என்றும் வித்தியாசமின்றிப் பலகைகளோடு கடலில் வெகுதூரம் நீந்திச் சென்று, தமக்கு வேண்டிய அலை வரும்வரையில் பொறுத்திருந்து, அது வந்த க்ஷணத்தில் அதன் உச்சியில் பலகையைச் சேர்த்துத் தாமும் அதன்மேல் ஏறிக்கொண்டு கரையை நோக்கிப் பாய்ந்து வருவதைக் கண்டார். கண்டவுடன் அவருக்கும் ஆசை பிறந்தது. பலகையைச் சரியான இடத்தில்தான் வைத்தார். சரியான சமயத்தில் வைத்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பலகை கரை போய்ச் சேர்ந்தது, ஆசிரியர் கடலின் அடித்தரையைப் போய்ச் சேர்ந்தார். வயிற்றுக்குள் சென்ற உப்புநீரையும் கூட்டிக் கழித்துப் பார்த்த அவர், இந்த வித்தை அந்தத் தீவிலே பிறந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கைவராது என்ற தீர்மானத்துக்கு வந்து, அத்துடன் அந்த விஷயத்தை விட்டுவிட்டார்.

அந்தத் தீர்மானம் தவறானது என்பதை மற்றோர் எழுத்தாளர் 1907-இல் நிரூபித்தார். 'ஸ்நார்க்' என்ற தம்முடைய சிறு பாய்க்கப்பலில் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்ட ஜாக் லண்டன், ஹொனலூலுவை அடுத்த வைக்கீகிக் கடற்கரையில், ஆழமில்லாத நீரில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்துத் தாமும் சிறு பலகையொன்றை வைத்துக்கொண்டு முயன்று தோற்று நின்றபோது, அலெக்ஸாண்டர் ஹியூம் ஃபோர்ட் என்ற அமெரிக்கர் அவரிடம் வந்து, அந்தப் பலகையை முதலில் எறியும்படி சொல்லிப் பெரிய பலகையொன்றைக் கொடுத்து, அதன்மேல் அவரைப் படுக்க வைத்து, நல்ல அலையொன்று வரும்வரை பிடித்துக்கொண்டு நின்று, வந்ததும் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார். லண்டன் அலையின்மேல் கரை வந்து சேர்ந்தார். அவரைக் கரை சேர்த்ததில் அந்தப் பெரிய பலகைக்கு ஒரு பங்கு உண்டு. ஃபோர்டின் கைக்குப் பெரும்பங்கு உண்டு. நான் பின்னால் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தக் கையைப் பற்றியதுதான்.

மூன்றாமவர் ஒரு ஸ்திரீ. துப்பறியும் கதைகளால் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற அகதா கிறிஸ்டி, 1922-இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சிக்கு முன்னேற்பாடாக உலகத்தைச் சுற்றிவந்த ஒரு தூதுகோஷ்டியில் தம் கணவருடன் சென்றார். தென்னாப்பிரிக்காவில் மைஸன்பெர்க் என்ற கடற்கரையில் மெல்லிய மரப்பலகையின்மேல் குப்புறப் படுத்தபடி அலையில் வழுக்கிவரக் கற்றுக்கொண்டார். வழியில் வைக்கீகிக்கு வந்தபோது, அங்கே கனமான நீண்ட பலகைகளில் ஜனங்கள் நிமிர்ந்து நின்று வருவதைக் கண்டார். மைஸன்பெர்க்கில் கற்ற பாடம் இங்கே அதிகம் உதவவில்லை. பவளப்பாறை பாதங்களைக் கிழித்ததால் தோல் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டார். பட்டுக் குளியல் உடையை அலை கிழித்துவிட்டதால் கம்பளி உடைக்கு மாறினார். பத்து நாள் கழிந்த பிறகுதான் எழுந்து நிற்கத் துணிச்சல் வந்தது என்றும், அதன் பிறகும் பலமுறை விழுந்து, ஒருநாள் கரை வரையில் நின்றபடியே வந்து சேர்ந்தார் என்றும் அவருடைய சுயசரிதை சொல்கிறது. பத்து நாள் என்ற அந்தக் கணக்கைப் பிரயாணிகள் கவனிக்க வேண்டும். இன்றைய விளம்பரங்கள் ஒரே நாளில் நிற்க வைப்பதாகச் சொல்லுகின்றன, அதிலும் பொய்யில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த வித்தையின் சூக்ஷ்மம் அடங்கியிருக்கிறது.

அலைச்சறுக்கு என்று நாம் இப்போது சொல்லுகிற இந்த விளையாட்டு ஹவாய்த் தீவினரின் பரம்பரைச் சொத்து. கேப்டன் குக்கின் கப்பல்கள் 1779-இல் கீயலகெகுவா விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்தபோது, அவருடைய அதிகாரியான ஜேம்ஸ் கிங் இதைப் பார்த்து வியந்து எழுதி வைத்தார். அங்கே அரச வம்சத்தாருக்கென்று மிக நீண்ட பலகைகள் இருந்தன. கோவா என்ற மரத்திலும் வேறு மரங்களிலும் அவற்றைச் செதுக்கினார்கள். 1820-இல் பாதிரிமார் வந்ததும், வெளியிலிருந்து வந்த வியாதிகளால் ஜனத்தொகையே நசித்ததும் சேர்ந்து இந்த விளையாட்டை ஏறக்குறைய மறையச் செய்தன. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீகியில் அது புத்துயிர் பெற்றதற்குப் பிரயாணிகளும் ஒரு காரணம் என்பது வேடிக்கையான உண்மை. 1908-இல் ஃபோர்டும் அவருடைய நண்பர்களும் அங்கே ஒரு கழகத்தை ஸ்தாபித்தார்கள். ஹோட்டல்களில் தங்கியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட 'பீச் பாய்ஸ்' என்ற வர்க்கம் உண்டாயிற்று. 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ட்யூக் கஹானமோக்கு அந்தக் கரையில் வளர்ந்தவர்தான். அவர் 1914-ஆம் வருஷக் கடைசியில் சிட்னிக்குச் சென்று காட்டிய பிறகு ஆஸ்திரேலியர்களுக்கு இந்தப் பித்து பிடித்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இதுவும் ஒரு பந்தயமாகச் சேர்க்கப்பட்டது. சரித்திரம் இவ்வளவு போதும்.

இனி முதல்நாள் பாடத்தைப் பார்ப்போம். இலங்கையின் வெலிகமவிலோ, அறுகம்பேயிலோ, பாலியிலோ, நம் சென்னையை அடுத்த கோவளத்திலோ எங்கே போனாலும் பாடத்தின் முறை ஒன்றுதான். முதல் அரைமணி நேரம் தண்ணீரில் கால் நனைவதே இல்லை. மணலில் பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுக்கச் சொல்லுவார்கள். கால்விரல்கள் வாலோரத்தில் படும்படியும், மார்பு பலகையின் நடுக்கோட்டில் அமையும்படியும் படுத்து, இரு கைகளாலும் மாறிமாறி மணலைத் துழாவச் சொல்லுவார்கள். பிறகு 'எழு' என்று அதட்டியதும், உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, உடலை மேலே தள்ளி, ஒரே அசைவில் இரண்டு பாதங்களையும் அடியில் கொண்டுவந்து குந்தினாற்போல நிற்க வேண்டும். அநேகமாய் எல்லோருக்கும் இடக்கால்தான் முன்னே வரும். வலக்கால் முன்னே வருகிறவருக்கு 'கூஃபி' என்று ஒரு பரிகாசப் பெயர் உண்டு, அதனால் குற்றமொன்றுமில்லை. எந்தக் கால் என்று தெரியாதவரைப் பயிற்சியாளர் திடீரென்று முதுகில் கைவைத்து முன்னே தள்ளிப் பார்ப்பார். விழாமல் தாங்க எந்தக் கால் முன்வருகிறதோ அதுவே முன்கால். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு வளையக் கூடாது, பார்வை பாதத்தில் இருக்கக் கூடாது. இந்த மூன்றில் கடைசியானதே மிகவும் கஷ்டம். மனிதன் எதைப் பார்த்து நிற்கிறானோ அங்கேயே போய் விழுகிறான்.

பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்புறம் மிருதுவான நுரைப்பொருளால் ஆனதும், எட்டு ஒன்பது அடி நீளமும் நல்ல அகலமும் உடையதுமான பலகையையே ஆரம்பக்காரர் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஆறடிப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒய்யாரமாக நடந்துபோவார். அதைக் கண்டு மயங்கலாகாது. சிறிய பலகையை எறியச் சொன்ன ஃபோர்டின் உபதேசம் இன்றும் செல்லும். கணுக்காலில் கட்டுகிற கயிறு 1970-களில் பழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு விழுந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பலகையைத் தேடிக் கரைவரை நீந்தினார்கள்.

மணலில் பாடம் முடிந்ததும் இடுப்பளவு நீரில் இறக்குவார்கள். அங்கே வருவது உடைந்து நுரையான அலை. வெண்மையாகக் கொதித்துக்கொண்டு வந்தாலும் அதன் ஆவேசம் ஏற்கெனவே தணிந்திருக்கும். பயிற்சியாளர் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பார். மாணாக்கரோ கரையைப் பார்த்துப் படுத்திருப்பார். "துழாவுங்க, துழாவுங்க" என்ற குரல் முதலில் கேட்கும். பிறகு பின்னாலிருந்து ஒரு தள்ளு. உடனே பலகை தன்னுயிர் பெற்றதுபோல முன்னே பாயும். எழுந்து நின்றால் நின்றதுதான். இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ தரை நகர்வதுபோலத் தோன்றும். அப்புறம் உப்புநீர் மூக்கில் ஏறும். பயிற்சி செய்யும் தேகமுடையவர்கள் முதல் காலையிலேயே இப்படி நின்றுவிடுகிறார்கள். விளம்பரம் சொன்ன வாக்கு காப்பாற்றப்பட்டது.

வாடகை சைக்கிளில் நம்மை ஏற்றிவிட்டுப் பின்னால் காரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவர் கையை விட்டதும் நாம் சைக்கிள் விடத் தெரிந்தவர்களாகிவிடுகிறோம்; ஏனெனில் சாலை எங்கும் ஓடிப் போவதில்லை. கடலில் அப்படியில்லை. அந்தக் கை வெறுமனே தள்ளவில்லை. தள்ளுவதற்கு முன் இரண்டு அலைகளை வேண்டாமென்று விட்டது. மூன்றாவதைத் தூரத்திலேயே கண்டு, அது எந்த இடத்தில் தலை கவிழும் என்று கணித்து, பலகையை அதற்கு நேராகத் திருப்பி, அலையின் வேகமும் பலகையின் வேகமும் ஒன்றுக்கொன்று சரியாகும்படி தன் பலத்தைக் கொடுத்தது. மாணாக்கர் இவற்றில் ஒன்றையும் காணவில்லை. அவருக்குப் பின்புறம் நடந்த காரியம் அது. எழுந்து நின்றதைத் தம்முடைய சாமர்த்தியமென்று எண்ணி மகிழ்கிறார். மகிழட்டும்; ஆனால் அந்தக் கையில்லாமல் தனியே போய்ப் பார்க்கும் அன்றைக்குத்தான் படிப்பு ஆரம்பமாகிறது. அலைகள் அடியில் புகுந்து சும்மா போய்விடும். அல்லது தலைக்குமேல் உடைந்து புரட்டிவிடும். கிறிஸ்டியின் பத்து நாளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான் கழிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தக் கைக்குத் தெரிந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அலை என்பது நீர் ஓடிவருவதன்று. நீர்த்துளிகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வட்டமிட்டுச் சுழல, அவற்றினூடே சக்தி மட்டும் பிரயாணம் செய்கிறது. அந்தச் சக்தியைக் கடலுக்குக் கொடுப்பது காற்று. இலங்கையின் கரையிலும் நம் சோழமண்டலக் கரையிலும் வேனிற்காலத்தில் வந்து உடைகிற நீண்ட அலைகள் பெரும்பாலும் அந்தக் கரைக்காற்றால் உண்டானவை அல்ல. தென்துருவத்தைச் சூழ்ந்த மகா சமுத்திரத்தில், மனிதர் கண்ணில் படாத பிரதேசத்தில், எப்போதோ வீசிய புயலின் புத்திரர்கள் அவை. 15 விநாடிக்கு ஒன்றாக வருகிற அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகருமென்று கணிதம் சொல்லுகிறது. ஆகவே ஆறாயிரம் கிலோமீட்டரைக் கடந்து நம் பக்கம் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. வழியிலே நீண்ட அலைகள் வேகமாய் முன்னேறி, குட்டை அலைகள் பின்தங்கி, தாமாகவே வரிசை பிரிந்துகொள்கின்றன. அதனால்தான் புயலின் குழப்பமெல்லாம் நீங்கி, கரைக்கு வரும்போது ஒழுங்கான இடைவெளியோடும், ஐந்தாறாகக் கூட்டம் சேர்ந்தும், நடுவே ஓய்வு விட்டும் வருகின்றன. வால்ட்டர் மங்க் என்ற விஞ்ஞானி 1963-இல் நியூஜிலாந்திலிருந்து அலாஸ்கா வரையில் நிலையங்கள் அமைத்து, அன்டார்க்டிகாவை அடுத்த புயல்களின் அலைகள் பசிபிக் சமுத்திரம் முழுவதையும் கடந்து வருவதைப் பின்தொடர்ந்து கண்டார். அவரும் அவருடைய ஆசிரியரான ஸ்வெர்ட்ரூப்பும் இதற்கு இருபது வருஷம் முன்னே, உலக யுத்தத்தில் துருப்புகள் கரையிறங்குவதற்காக வகுத்த கணக்குமுறையின் சந்ததியே, இன்று ஒவ்வொரு பயிற்சியாளரும் இரவில் கைத்தொலைபேசியில் பார்க்கிற அலை முன்னறிவிப்பு. சம்ஹாரத்துக்காகப் போட்ட கணக்கு சல்லாபத்துக்கு வந்து உதவுவது உலகத்தில் அடிக்கடி காணக் கிடைக்காத விசேஷம்.

அலை கரையை நெருங்கியதும் அதன் அடிப்பாகம் தரையில் உராய்ந்து தாமதிக்கிறது, மேற்பாகம் முந்திக்கொள்கிறது. தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழமே மீதியிருக்கும் இடத்தில் அது நிலைகொள்ளாமல் கவிழ்கிறது. அதாவது மூன்றடி அலை ஏறக்குறைய நாலடி நீரில் உடையும். ஆகவே தரை எப்படியோ அலையும் அப்படி. மெல்ல மெல்லச் சரிகிற மணல்தரையாயிருந்தால் அலையும் நிதானமாகத் தலையிலிருந்து நுரைத்துச் சரியும். திடீரென்று மேடாகும் பாறையாயிருந்தால் முழு அலையும் சுவர்போல் எழுந்து ஒரேயடியாய் விழும். பிரயாணி ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது சித்திரப் புத்தகத்திலுள்ள நீலத்தையும் தென்னையையும் பார்ப்பதைக் காட்டிலும், அங்கே அடியில் இருப்பது மணலா கல்லா என்று விசாரிப்பது மேல்.

இரண்டாவதாக விசாரிக்க வேண்டியது காற்று. தரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசுகிற காற்று அலையின் முகத்தை எதிர்த்துத் தாங்கிப் பிடித்து, அது வழவழவென்று நிமிர்ந்து நின்று நிதானமாய் உடையும்படி செய்கிறது; கடலிலிருந்து வீசுகிற காற்றோ முதுகில் அறைந்து அலையை உருக்குலைக்கிறது. விடியற்காலையில் கடல் கண்ணாடியாயிருப்பதும், பகல் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பிக் கலங்கிப்போவதும் எல்லோரும் அறிந்ததே. அலைச்சறுக்குப் பள்ளிகளில் ஐந்தரை மணிக்கே எழுப்பிவிடுவது இதனால்தான். இலங்கைத் தீவின் பாக்கியம் என்னவென்றால், அங்கே இந்த நியாயம் நாளுக்கு மட்டுமின்றி வருஷத்துக்கும் பொருந்துகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையில் வடகிழக்குக் காற்று வீசும்போது தென்கரைக்கு அது தரைக்காற்று. வெலிகமவிலும் அதைச் சுற்றியுள்ள கரைகளிலும் அப்போது பருவம். மே முதல் செப்டம்பர் வரையில் தென்மேற்குக் காற்று தென்கரையைக் கலக்கி அடிக்கும். அதே காற்று தீவைக் கடந்து கிழக்குக்கரைக்கு வரும்போது கச்சான் என்ற பெயரோடு நிலத்தின் உஷ்ணத்தையும் சுமந்துகொண்டு கடலை நோக்கி வீசும். அறுகம்பேயில் அப்போது பருவம். பலகையை வாடகைக்கு விடுகிறவர்களும் பயிற்சியாளர்களும் இந்தக் காற்றோடுகூடவே தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குடிபெயர்கிறார்கள்.

வெலிகமக் குடா முதல் மூன்று நாலு நாளுக்கு ஏற்ற இடம். அகன்ற மணற்கரை, ஆழமில்லாத தரை, குறும்பு செய்யாத அலை. பார்க்க அழகென்று சொல்ல மாட்டேன். பெருஞ்சாலையை ஒட்டியே பலகைக் கொட்டகைகள் வரிசையாக நிற்க, தண்ணீரில் ஆரம்பக்காரர்களின் கூட்டம் திருவிழாவாயிருக்கும். ஒருவர் பலகை மற்றொருவர் மண்டையில் மோதுவது அங்கே சகஜம். ஆயினும் அடி தெரிந்து விழக்கூடிய இடத்தில் விழுவதே ஆரம்பத்தில் வேண்டியது.

அறுகம்பேயின் குணம் வேறு. அம்பாறை மாவட்டத்தில் பொத்துவிலை அடுத்த இந்தக் குடாவில், தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களரும் அருகருகே வாழ்கிறார்கள். 2004-ஆம் வருஷத்துச் சுனாமி அந்தக் கரையைச் சின்னாபின்னமாக்கிவிட்டுப் போனதையும் மீறி இன்று உலகத்தின் பல தேசத்து இளைஞர்கள் வந்து தங்கும் ஊராகியிருக்கிறது. குடாவின் தென்முனையில் தெற்கேயிருந்து வரும் அலை நிலமுனையைச் சுற்றி வளைந்து, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி மறுஓரம் வரையில் வரிசையாய் உடைந்துகொண்டே போகும். அது தேர்ந்தவர்களின் இடம். ஆரம்பக்காரர்களுக்கு அதன் உட்புறத்தில் 'பேபி பாயின்ட்' என்ற இடமும், வடக்கே 'விஸ்கி பாயின்ட்' என்ற இடமும் உண்டு. தெற்கே யானைப்பாறைப் பக்கம் போகிறவர்கள் கடலைவிட அதன் பின்னாலுள்ள களப்பைக் கவனிக்க வேண்டும்; அதில் முதலைகள் இருக்கின்றன. இன்னும் தெற்கே பாணமையைத் தாண்டிக் குமணை வனத்தின் வாசலில் உகந்தை மலை முருகன் கோவில் இருக்கிறது. கோவிலுக்கு முன்னாலுள்ள கடலில் நல்ல அலை உண்டு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்தக் கோவிலில் தங்கிக் காட்டுக்குள் நுழைகிற காலமும் பலகைக்காரர்கள் வருகிற காலமும் ஒன்றாகவே அமைந்திருப்பதால், விபூதியணிந்த அடியார் கூட்டமும் பலகை ஏந்திய வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரே மணலில் நடப்பதை ஆடி மாதத்தையொட்டி அங்கே காணலாம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பொத்துவில் இளைஞர். ஒரு காலையில் நான் படுத்திருந்த பலகையின் வாலை அவர் பிடித்துக்கொண்டு நிற்க, தலைக்குமேல் உயர்ந்ததாக எனக்குத் தோன்றிய அலையொன்று வந்தது; அவர் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாரேயன்றித் தள்ளவில்லை.

"தம்பி, அது நல்ல அலைதானே? ஏன் விட்டுட்டீங்க?" என்றேன்.

"அது இஞ்ச வரக்குள்ளயே ஒரேயடியா உடைஞ்சிடும் சேர். தூரத்தில பாருங்க, ஒரு கறுப்புக் கோடு தெரியுதா? அதுக்குப் பின்னால இன்னொண்டு வருது. அதுதான் எங்கட."

எனக்குக் கோடு ஒன்றும் தெரியவில்லை. வானமும் நீரும் கலந்த சாம்பல் நிறமே தெரிந்தது. வெகுநேரம் கழித்துத்தான், அலைக்கூட்டம் வரும்போது தொடுவானத்தை ஒட்டிக் கடலின் நிறம் இழையளவு கறுப்பதைக் கண் பிரித்துணரத் தொடங்கியது. அன்று முதல் காலையில் முதலில் கரையில் உட்கார்ந்து, நீரில் இறங்காமல், கூட்டத்துக்குக் கூட்டம் எவ்வளவு ஓய்வு, ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது, உடையும்போது வலப்பக்கம் ஓடுகிறதா இடப்பக்கம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதை அவர் எனக்குப் பாடமாக வைத்தார். காசு கொடுத்து வந்தவருக்கு அது வீண்பொழுதாகத் தோன்றும். என் அபிப்பிராயத்தில் கொடுத்த காசுக்கு முழு மதிப்பும் அந்த நேரத்தில்தான் கிடைத்தது. பயிற்சியாளரிடம் "தள்ளுங்கள்" என்று கேட்பதைவிட, "ஏன் இதை விட்டீர்கள், ஏன் அதை எடுத்தீர்கள்" என்று கேட்கிற மாணாக்கர் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறுவார்.

இதே அறுகம்பேயில் 2018-இல் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு அலைச்சறுக்குச் சங்கம் அமைத்தார்கள். இலங்கையில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் சங்கம் அது. தண்ணீரில் இறங்குவதற்கே வீட்டிலும் வீதியிலும் சொல்லுக்கு ஆளாகவேண்டியிருந்த இடத்தில், குழந்தை பெற்ற தாய்மாரும் பலகையோடு கடலுக்குப் போகிறார்கள். அயல்தேசத்துப் பெண்கள் ஆயிரம்பேர் அதே அலையில் ஏறியபோது யாருக்கும் ஆட்சேபம் இல்லாதிருந்தது என்பதை நினைத்தால், ஆட்சேபத்தின் யோக்கியதை தெரியும்.

அபாயங்களைச் சொல்லாமல் விட முடியாது. நீந்தத் தெரியாதவரும் இடுப்பளவு நீரில் கற்கலாம் என்று சில பள்ளிகளில் சொல்லுகிறார்கள். நான் அதை ஒப்புவதற்கில்லை. கயிறு அறுந்துபோகும் நாள் ஒன்று உண்டு. விழும்போது தலைகீழாய்ப் பாயாமல் தட்டையாய் விழ வேண்டும். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையைக் காத்துக்கொண்டு வர வேண்டும். ஏனெனில் அலையைக்காட்டிலும் நம்முடைய பலகையே நம்மை அதிகம் அடிக்கிறது. பலகையை நமக்கும் வருகிற அலைக்கும் நடுவில் குறுக்காக வைத்துக்கொள்ளவே கூடாது. மிகப் பெரிய அபாயம் பார்வைக்குச் சாதுவாயிருப்பது: இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு சந்துமட்டும் உடையாமல் அமைதியாய், சற்றே கருத்தோ கலங்கியோ காணப்படும், புதியவர் அதையே பத்திரமான வழியென்று எண்ணி இறங்குவார். கரையில் வந்து குவிந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற ஓட்டம் அது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதால்தான் மடிகிறார். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சென்றால் ஓட்டத்தின் எல்லையைக் கடந்துவிடலாம்.

கடலில் மரியாதையும் உண்டு. ஓர் அலைக்கு ஒருவர் என்பது சட்டம். உடைகிற முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே உரிமை. அவர் எழுந்துவிட்டால் மற்றவர் விலக வேண்டும். இதை மீறுகிற பிரயாணிகள்மேல் உள்ளூர்க்காரருக்கு வருகிற கோபம் நியாயமானதே.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாக் லண்டன் வைக்கீகியில் நாலு மணிநேரம் மகிழ்ந்திருந்துவிட்டு, கால்களின் பின்புறம் வெந்து வீங்கி, நிற்கவும் மாட்டாமல் படுக்கையில் கிடந்தபடியே அந்தக் கட்டுரையை எழுதினார். கிறிஸ்டியும் அவர் கணவரும் தோல் உரிந்து தவித்தார்கள். நம்மவர்கள், கறுத்த மேனிக்கு வெயில் என்ன செய்யும் என்று அலட்சியமாயிருப்பதைக் கண்டிருக்கிறேன். குப்புறப் படுத்துத் துழாவுகிறவரின் முதுகும் முழங்காலின் பின்மடிப்பும் மூன்று மணிநேரம் நீரில் பிரதிபலிக்கிற வெயிலுக்கு இலக்காகும்போது நிறம் ஒன்றும் காப்பாற்றாது. முழுக்கைச் சட்டை, முழங்கால் மூடிய உடை, முகத்துக்கு வெள்ளைத் துத்தநாகப் பசை இவை போதும். மார்பும் விலாவும் பலகையில் உராய்ந்து புண்ணாவதையும் அந்தச் சட்டையே தடுக்கும்.

விடுமுறை முடிந்து திரும்பும் தமிழ்நாட்டவருக்கு ஒரு சௌகரியம்: பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடரச் சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர் தெற்கே கோவளம் இருக்கிறது. அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவ இளைஞர் தாம் கற்றதைக் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு தலைமுறையே பலகையேறிவிட்டது. 2013 முதல் நடைபெற்ற விழாக்களுக்குக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸும் வந்து ஆதரவு கொடுத்தார். பக்கத்து மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேசப் பந்தயமே நடந்தது. அங்குள்ள பயிற்சியாளர்களில் பலர் கட்டுமரக்காரரின் மக்கள். அலைக்கூட்டம் ஓய்கிற சமயம் பார்த்துக் கட்டுமரத்தைத் தள்ளி ஏறவும், திரும்பும்போது எந்த அலையின் முதுகில் வந்தால் கவிழாமல் கரை சேரலாம் என்று பார்க்கவும் சிறு வயதிலேயே கண் பழகியவர்கள். நான் பார்த்தவரையில், அவர்களில் சிலர் மாணாக்கரைத் தள்ளிவிடும்போது கடலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேசிக்கொண்டே இருந்து, சத்தத்தைக் கொண்டே தள்ளுகிறார்கள்.

கோவளத்தில் ஆரம்பக்காரர் தவிர்க்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மாதங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காற்று நேரே கடலிலிருந்து அடிக்கும். அலைகள் ஒழுங்கின்றி நாலு திசையிலும் மோதும். முட்டுக்காட்டுக் கழிமுகம் திறந்து கலங்கல் நீரும் கரையோரம் பரவும். தை பிறந்த பிறகு வருவதே உத்தமம். அதற்கு முன் வந்தே தீருவேன் என்கிறவர்கள், முதல்நாள் இரவு பள்ளிக்குத் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்பட்டால் பஸ் செலவாவது மிஞ்சும்.